பழைய வண்டியின் மூலபாடம்

தமிழாசிரியன் ஒருவன் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்தால், "இவருக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. வண்டியின் உறுப்புகளைக் கழற்றவும் பூட்டவும் எனக்குத் தெரியாது. என் சொந்த வண்டி வழியில் நின்றுவிட்டால், பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிவைப்பதற்குமேல் ஒன்றும் அறியேன். ஆயினும் சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் என் பழைய மாணாக்கர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். தோட்டப் பள்ளியில் என்னிடம் பயின்றவர். இப்பொழுது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பழைய வண்டிகளைச் செப்பனிடும் சிறு பட்டறையொன்றில் வேலை பார்க்கிறார். அன்றிரவு நெடுநேரம் அவர் தம் தொழிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க, 'இது நம் துறை ஆராய்ச்சியல்லவா!' என்ற எண்ணமே எனக்கு எழுந்தது. ஒரு நூலில் எது ஆசிரியர் வாக்கு, எது இடைச்செருகல் என்று காண நம் பதிப்பாசிரியர்கள் கைக்கொண்ட முறை உண்டு. எழுபது ஆண்டுப் பழமையுள்ள வண்டியில் எது உடன்பிறந்த உறுப்பு, எது பின்னர் வந்து சேர்ந்தது என்று காணும் முறையும் ஏறக்குறைய அதுவே. அவர் சென்ற பின்னர் நானும் இதுபற்றிய நூல்கள் சிலவற்றைத் தேடிப் படித்தேன். படித்ததையும் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எல்லா வண்டிகளையும் பற்றிப் பேசினால் பொருள் விரிந்துவிடும். ஆதலால் ஒரே வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ஆஸ்டின்-ஹீலி 100. இருவர் மட்டுமே அமரக்கூடிய, மேற்கூரையைக் கழற்றிவைக்கத்தக்க, விரைவையே நோக்கமாகக்கொண்ட வண்டிகளை ஸ்போர்ட்ஸ் கார் என்கிறார்களே, அந்த இனத்தைச் சேர்ந்தது இது. டொனால்டு ஹீலி என்பவர் தாம் வடிவமைத்த வண்டியை 1952-ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வைத்தார். ஆஸ்டின் நிறுவனத்தின் தலைவராயிருந்த லெனார்டு லார்டு அதைக் கண்டார். கண்காட்சி முடியுமுன்னரே, அதைத் தம் நிறுவனமே செய்து விற்பது என்று உடன்பாடு ஏற்பட்டுவிட்டது. மணிக்கு 100 மைல் ஓடவல்லது என்பதனால் '100' என்னும் எண் பெயரோடு ஒட்டியது. 2,660 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின், ஆஸ்டினின் வேறொரு வண்டிக்கென்று முன்பே செய்யப்பட்டதுதான். 1953 முதல் 1956 வரை 14,634 வண்டிகள் செய்யப்பெற்றன. முதலில் வந்த வகை பி.என்.1, 1955 ஆகஸ்டு முதல் வந்தது பி.என்.2. முன்னதில் கியர் மூன்று, பின்னதில் நான்கு. இவற்றுள் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது.

இவ்வண்டிகளில் இன்றைக்கு எஞ்சியிருப்பவை பெரும்பாலும் புதுப்பிக்கப்பட்டவை. புதுப்பித்தல் என்பது நாம் வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் போன்றதன்று. வண்டியை ஆணிவேறு அலகுவேறாகப் பிரித்து, பழைய சாயத்தை உலோகம் தெரியுமட்டும் சுரண்டியெடுத்து, துருப்பிடித்த தகட்டை வெட்டியெறிந்து புதியது பற்றவைத்து, மீண்டும் பூட்டுவார்கள். முடிவில் நிற்கும் வண்டி பளபளக்கும். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில்கூட அது அவ்வளவு பளபளத்திராது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்டி தன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய செய்தி அனைத்தும் சுரண்டிய தூளோடு குப்பைக்குப் போய்விடுகிறது. அவ்வாறு கைபடாமல், வேண்டிய பழுதுமட்டும் பார்க்கப்பட்டு, இன்றளவும் இருந்துவரும் வண்டிகள் சில உண்டு. எண்ணெய்த் துணியால் துடைத்தே காப்பாற்றிய வண்டி என்று இங்கிலாந்தில் இவற்றைச் சொல்வது வழக்கம். இவற்றில்தான் நம் ஆராய்ச்சிக்கு இடமுண்டு. புதுப்பித்த வண்டியை ஆராய்வது, மூல ஏட்டை எரித்துவிட்டு அச்சுநூலை வைத்துக்கொண்டு பாடம் தேடுவதைப் போன்றது.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். பழையதெல்லாம் உடன்பிறந்ததன்று. எளிமையாகத் தோன்றும் இந்த உண்மையை மறந்துவிட்டுத்தான் பலரும் பெரும்பொருள் இழக்கிறார்கள் என்று என் மாணாக்கர் சொன்னார். ஓர் உறுப்பு மூன்று நிலைகளில் ஏதேனும் ஒன்றில் இருக்கலாம். வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளிலேயே அதனோடிருந்தது ஒன்று; இதை உடன்பிறந்த உறுப்பு என்போம். அதே காலத்தில், அதே நிறுவனத்தால் செய்யப்பெற்று, ஆனால் வேறொரு வண்டியிலிருந்தோ கடையிலிருந்தோ பின்னாளில் வந்து சேர்ந்தது இன்னொன்று. இது சமகால உறுப்பு. அண்மையில் பழைய அச்சில் வார்த்துச் செய்த புத்துறுப்பு மூன்றாவது. புத்துறுப்பைக் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. முதல் இரண்டையும் பிரித்தறிவதிலேதான் அறிவுக்கு வேலையிருக்கிறது. இரண்டும் ஒரே வயதின. ஒரே துருவும் ஒரே அழுக்கும் படிந்தவை.

பிரித்தறிவது எப்படி? எழுத்துச்சான்று ஒன்று உண்டு. கேய்டன் என்னும் ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் ஆஸ்டின்-ஹீலி வண்டிகளின் உற்பத்திப் பேரேடுகள் காக்கப்பட்டு வருகின்றன. வண்டியின் எண்ணை எழுதிக் கட்டணமும் செலுத்தினால், அந்த வண்டி கட்டப்பெற்ற நாள், எஞ்சின் எண், உடற்கூட்டின் எண், சாயத்தின் நிறம், இருக்கைத் தோலின் நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பப்பெற்றது என்ற விவரங்களைச் சான்றிதழாக எழுதித் தருகிறார்கள். குழந்தையின் பிறப்புப் பத்திரம் போன்றது அது. ஆனால் பத்திரத்தை வைத்துக்கொண்டுமட்டும் எதிரில் நிற்பவன் அந்தக் குழந்தைதான் என்று சொல்லிவிட முடியுமா? எஞ்சின் அறையில் எண் பொறித்த தகடு ஒன்று இருக்கிறது. தகட்டைக் கழற்றலாம், வேறிடத்தில் பொருத்தலாம், புதிதாகவும் செய்யலாம். ஆகவே தகடு சொல்வதை வண்டியின் உடம்பும் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இங்கே இந்த வண்டிக்கே உரிய அருமையான சான்று ஒன்று கிடைக்கிறது. ஆஸ்டின்-ஹீலியின் உடற்கூட்டை ஆஸ்டின் நிறுவனம் செய்யவில்லை. வெஸ்ட் பிராம்விச் என்னும் ஊரில் ஜென்சன் நிறுவனத்தார் செய்து, சாயமும் பூசி, லாங்பிரிட்ஜ் தொழிற்சாலைக்கு அனுப்பினர். அந்நாளில் தகடுகள் ஒன்றுபோல் ஒன்று அமைவதில்லை. ஒரு வண்டிக்குப் பொருந்தும் பானெட் அடுத்த வண்டிக்குப் பொருந்தாது. தொழிலாளி அராவியும் தட்டியும் வளைத்தும் ஒவ்வொன்றையும் அதனதன் உடலுக்கு இசைவாக்குவான். அப்படி இசைவாக்கியவற்றைச் சாயம் பூசுவதற்காகக் கழற்றியாக வேண்டும். கழற்றியவை கலந்துவிட்டால் பட்டபாடு வீண். ஆகவே பானெட், பின்பெட்டியின் மூடி, இருக்கையறையின் விளிம்பிலுள்ள உலோகப் பட்டைகள் ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து அந்த உடலின் எண்ணைப் பொறித்துவைத்தார்கள். இருக்கையறையின் உட்புறத்தை மூடும் அட்டைகளின் பின்புறத்தில் மெழுகுக் கோலால் எழுதினார்கள். வாங்குவோர் பார்ப்பதற்காக எழுதியதன்று அது. தொழிலாளி தன் வசதிக்காகத் தனக்குத்தானே எழுதிக்கொண்டது. அதனாலேயே அதன் நம்பகம் மிகுதி. ஏட்டின் ஓரத்தில் எழுதியவர் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்துவைப்பதுண்டல்லவா? அதற்கொப்பானது இது. பேரேட்டில் உள்ள உடல் எண்ணும், பானெட்டின் அடியில் உள்ள எண்ணும், அட்டையின் பின்னால் உள்ள மெழுகெழுத்தும் ஒன்றாயிருந்தால், அவ்வண்டி பெருவிபத்தில் சிக்கி உருமாறியதில்லை என்று ஏறக்குறையத் துணியலாம்.

இதைச் சொல்லும்போது என் மாணாக்கரின் முகம் சற்று வாடியது. பட்டறையில் சேர்ந்த முதல் மாதம். கைபடாத பி.என்.2 வண்டியொன்று வந்திருக்கிறது. கதவின் உள் அட்டையைக் கழற்றித் துடைத்துவைக்குமாறு இவரிடம் சொன்னார்கள். பின்புறத்தில் அழுக்கும் ஏதோ நீலக் கிறுக்கலும் இருந்தன. வேலையில் சுத்தம் வேண்டுமென்று நான் வகுப்பில் ஓயாமல் சொன்னது அவர் நினைவில் நின்றதோ என்னவோ, தின்னரில் துணியை நனைத்து நன்றாகத் துடைத்துவிட்டார். மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். திட்டவில்லை. மறுபக்கத்துக் கதவு அட்டையை எடுத்துவந்து, அதில் இருந்த கிறுக்கலைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போய்விட்டார். "திட்டியிருந்தால் மறந்திருப்பேன் ஐயா" என்றார் இவர். அந்த அட்டையின் கதையைப் பின்னர் முடிக்கிறேன்.

எண்களுக்கு அடுத்து நாட்குறிகள். அக்காலத்து ஆங்கில வண்டிகளில் மின்சார உறுப்புகள் பெரும்பாலும் லூகாஸ் நிறுவனத்தினுடையவை. டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் முதலியவற்றின் மேல் அவை செய்யப்பெற்ற மாதமும் ஆண்டும் சிறு இலக்கங்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 1955 நவம்பரில் கட்டப்பெற்ற வண்டி என்று வைத்துக்கொள்வோம். அதன் டிஸ்ட்ரிபியூட்டரில் 9, 55 என்னும் இலக்கங்கள் இருந்தால் செப்டம்பரில் செய்து, கிடங்கில் இரண்டு மாதம் இருந்து, வண்டியில் ஏறியது என்று கொள்ளலாம். டைனமோவில் 3, 58 என்றிருந்தால் ஐயத்துக்கிடமில்லை. பிள்ளைக்குப் பின் பிறந்தது பிள்ளையோடு பிறந்திருக்க முடியாது. 1952 என்றிருந்தால்? அதுவும் ஐயத்துக்குரியதே. மூன்றாண்டு ஓர் உறுப்பு தொழிற்சாலைக் கிடங்கில் கிடப்பது அரிது. வேறொரு பழைய வண்டியிலிருந்து பெயர்த்ததாக இருக்கலாம். கண்ணாடியிலும் இவ்வாறே. ட்ரிப்ளெக்ஸ் நிறுவனத்தாரின் முத்திரையில் எழுத்துகளை ஒட்டிச் சிறு புள்ளிகள் இடுவது வழக்கம். எந்த எழுத்தருகே புள்ளி இருக்கிறது என்பதைக்கொண்டு ஆண்டைக் கணிக்கிறார்கள். புள்ளி ஒன்று இடம் மாறினால் பொருளே மாறும் என்பதைத் தமிழாசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திருகாணியும் போல்ட்டும் கூடப் பேசும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் 1948-ஆம் ஆண்டில் மரையின் அளவைப் பொதுவாக்கிக்கொண்டன. அந்தப் பொது அளவில் செய்த போல்ட்டுகளின் தலையில் வட்டமான குழிவோ, சங்கிலிபோல் கோத்த சிறு வட்டங்களோ அடையாளமாக இருக்கும். பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் மெட்ரிக் அளவுக்குத் திரும்பியது 1960-களின் நடுவிலிருந்துதான். ஆகவே 1955-ஆம் ஆண்டு ஆஸ்டின்-ஹீலியில் மெட்ரிக் மரையுள்ள போல்ட் இருந்தால் அது பின்வரவு. திருகாணியின் தலையில் சிலுவைக் கோட்டுக்கு இடையிடையே மெல்லிய கோடுகள் நான்கு தெரிந்தால், அது பொசிடிரைவ் என்னும் வகை. 1960-களின் தொடக்கத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது.

இதைக் கேட்டதும் நான் பெருமகிழ்ச்சியோடு, "அப்படியானால் பழைய ஆங்கில வண்டியில் மெட்ரிக் மரை கண்டால் போலி என்று முடிவுகட்டலாமா?" என்றேன். மாணாக்கர் சிரித்துவிட்டார். எம்.ஜி. நிறுவனத்தாரின் டி.சி. என்னும் வண்டி 1945 முதல் 1949 வரை செய்யப்பெற்றது. அதன் எஞ்சினில் மரைகள் மெட்ரிக் அளவின. ஆனால் போல்ட்டின் தலையோ ஆங்கில விட்வொர்த் அளவு! காரணம் வேடிக்கையானது. ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனம் கவென்ட்ரி நகரில் நடத்திய எஞ்சின் தொழிற்சாலையை மாரிஸ் நிறுவனத்தார் 1923-இல் வாங்கினர். பிரெஞ்சு மரை வெட்டும் பொறிகள் அங்கிருந்தன. அவற்றைத் தூக்கியெறிய மனமில்லை. ஆங்கிலேயத் தொழிலாளியிடம் இருந்த ஸ்பேனரும் வீணாகக்கூடாது. ஆகவே தலை ஆங்கிலம், உடல் பிரெஞ்சு என்று வழிவழியாக வந்துவிட்டது. ஆஸ்டின்-ஹீலியில் ஐயத்துக்குரியது எம்.ஜி.யில் மெய்ம்மைக்கு அடையாளம். ஒரு நூலில் கண்ட இலக்கண வழக்கை இன்னொரு நூலின்மேல் ஏற்றித் திருத்தம் செய்துவிட்ட பதிப்பாசிரியர்களை நாம் அறிவோம். அந்தத் தவறுக்கு நானும் ஒரு நொடியில் ஆளாகிவிட்டேன்.

உலோகத்தை ஆராய ஒரு சிறு காந்தம் போதும். இவ்வண்டியின் முன்புற, பின்புற மேல்தகடுகள் அலுமினியம். கதவும் மட்கார்டுகளும் எஃகு. காந்தம் எஃகில் ஒட்டவேண்டும். ஓரிடத்தில் ஒட்டாமல் நழுவினால் உள்ளே துரு அரித்துப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். இரு உலோகங்களும் சந்திக்கும் விளிம்பில் ஈரம் பட்டால் அரிப்பு மிகுதியாகும். எழுபதாண்டு ஆன வண்டியில் அந்த விளிம்பு சிறிதும் அரிக்கப்படாமல் நேர்த்தியாக இருந்தால் மகிழ்ச்சியடையாதீர்கள்; யாரோ ஒருவர் அங்கே வேலை செய்திருக்கிறார். சாயத்தைப் பார்ப்பதானால் வெளிப்புறத்தைப் பார்த்துப் பயனில்லை. கருவிப் பலகையின் அடிப்பாகம், பின்பெட்டியின் மூலை, வெயிலும் கையும் படாத அட்டைகளின் பின்புறம் இவற்றில்தான் முதற்சாயம் தப்பியிருக்கும். ஏற்கெனவே பெயர்ந்த ஓரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் எத்தனை பூச்சு, எந்த நிறத்தின்மேல் எந்த நிறம் என்பது தெரியும். புதிதாகச் சுரண்டிப் பார்ப்பது பாவம் என்பது இத்துறையார் கொள்கை. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

சக்கரங்களில் ஆரக்கம்பிகளை எண்ண வேண்டும். 100 வகைக்கு 48 கம்பிகள். 60 கம்பிகள் உள்ள சக்கரம் பிற்கால ஹீலி வண்டிகளைச் சேர்ந்தது. டயர், ரப்பர்க் குழாய், பிரேக் பட்டை முதலியன தேயும் பொருள்கள். அவை மாற்றப்பட்டிருப்பதைக் குறையாக யாரும் கொள்வதில்லை. 1955-ஆம் ஆண்டு டயரில் ஒருவர் வண்டியோட்டினால் அவருடைய ஆராய்ச்சி அன்றோடு முடிந்துவிடும்.

தேய்மானங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். தொலைவுமானியில் ஐந்து இலக்கங்களே உண்டு. நூறாயிரம் மைல் ஓடினால் மீண்டும் சுழியில் தொடங்கும். 23,000 என்று காட்டும் வண்டி உண்மையில் 123,000 மைல் ஓடியிருக்கலாம். காலால் மிதிக்கும் பெடலின் ரப்பர், இருக்கைத் தோலின் இடப்புற விளிம்பு, கதவுக் கீலின் ஆட்டம், சாவித் துளையைச் சுற்றிய கீறல் இவையெல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒன்றுமட்டும் இளமையாக இருந்தால் அதனைத் தனியே விசாரிக்க வேண்டும்.

பழமையைப் பொய்யாகச் செய்வோரும் உண்டு. புதிய திருகாணியை உப்புநீரில் ஊறப்போட்டுத் துருவேற்றுவார்கள். புதிய தோலைத் தேய்த்து வெளுக்கவைப்பார்கள். இதைக் கண்டுபிடிப்பது ஆசிரியர்களுக்கு எளிது என்பேன். தேர்வில் இரு மாணாக்கர் சரியான விடையை ஒன்றுபோல எழுதினால் நாம் ஐயுறுவதில்லை. தவறான விடையை ஒன்றுபோல எழுதினால்தான் தலை நிமிர்ந்து பார்க்கிறோம். மெய்யான பிழைகள் தாறுமாறாக வரும். மெய்யான துருவும் அப்படியே. மழைநீர் வழிந்த பக்கத்தில் மிகுதியாகவும் எண்ணெய் கசிந்த பக்கத்தில் குறைவாகவும் இருக்கும். எல்லாத் திருகாணியிலும் சமமாகப் படிந்த துரு பார்த்தெழுதிய விடைத்தாள். இன்னொன்று: தொழிற்சாலையின் வேலை குறையற்றதன்று. மறைவிடத்தில் சாயம் வழிந்திருக்கும்; பற்றவைப்பு கோணலாயிருக்கும். இக்குறைகள் இருந்தால் காப்பாற்ற வேண்டும்.

இனி, எல்லாவற்றினும் கடினமான வழக்கைப் பார்ப்போம். பி.என்.2 வண்டியிலேயே 100எம் என்றொரு சிறப்பு வகை உண்டு. தொழிற்சாலையிலிருந்து அவ்வாறே வெளிவந்தவை 640 என்று கணக்கிட்டுள்ளனர். இதில் கார்புரேட்டர்கள் பெரியவை. பானெட்டில் சூட்டை வெளியேற்றச் செதில்போல் வெட்டிய கீற்றுகள் இருக்கும். அதன்மேல் தோல்வார் ஒன்று குறுக்கே கட்டியிருக்கும். எஞ்சினின் ஆற்றல் 90 குதிரைத்திறனிலிருந்து 110-க்கு உயர்த்தப்பட்டது. சாதாரண பி.என்.2-க்கும் இதற்கும் சந்தை விலையில் பெரும் வேறுபாடு. சிக்கல் என்னவென்றால், இந்த உறுப்புகளில் பெரும்பாலானவற்றை லெ மான்ஸ் தொகுப்பு என்ற பெயரில் ஹீலி நிறுவனத்தாரே அந்நாளில் தனியாகவும் விற்றனர். சாதாரண வண்டி வைத்திருந்தவர் தொகுப்பை வாங்கித் தம் ஊர்ப் பட்டறையிலேயே பொருத்திக்கொள்ளலாம். 1957-இல் ஒருவர் அப்படிச் செய்திருந்தால் அந்தக் கார்புரேட்டருக்கு இன்று வயது எழுபதை நெருங்குகிறது. அதைச் செய்தவர் ஹீலி. அதன் துரு மெய்த்துரு. எனினும் வண்டி 100எம் அன்று.

அந்த வண்டியைப் போலி எனலாமா? கூடாது என்பதே என் கருத்து. தொல்லாசிரியர் காலத்திலேயே அவருடைய மாணாக்கர் எழுதிச் சேர்த்த பாயிரத்தைப் போலி என்கிறோமா? பாயிரம் என்றே சொல்லி முன்னால் வைக்கிறோம். 1957-இல் தொகுப்புப் பொருத்திய வண்டி என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வண்டி. 100எம் என்று சொல்லி விற்றால் பொய் வண்டியினுடையதன்று; விற்பவருடையது. இங்கேதான் முன்சொன்ன சான்றுகள் கைகொடுக்கின்றன. கீற்று வெட்டிய பானெட்டின் அடியில் அவ்வுடலின் எண் பொறித்திருக்கிறதா? வேறு எண் இருக்கிறதா? எண்ணே இல்லையா? வேறு எண் இருந்தால் அந்தப் பானெட்டுக்கு வேறொரு வண்டி சொந்தம். ஆனால் இந்த ஒரு சான்றைக்கொண்டே தீர்ப்புச் சொல்வதும் பிழை. உடன்பிறந்த பானெட்டிலேயே பின்னாளில் கீற்றுகளை வெட்டியிருக்கலாமே! அப்படியானால் வெட்டிய விளிம்பில் சாயப் பூச்சுகள் எப்படி முடிகின்றன என்று பார்க்க வேண்டும். மற்ற உறுப்புகளின் நாட்குறிகளோடு ஒப்புநோக்க வேண்டும். தம்முள் தொடர்பில்லாத மூன்று நான்கு சாட்சிகள் ஒன்றுபட்டால்தான் நம்பலாம்.

உடன்பிறந்த நிலைதான் எப்போதும் மதிப்புக்குரியது என்றும் எண்ணிவிட வேண்டாம். 100எஸ் என்னும் பந்தய வகை 50 வண்டிகளே விற்பனைக்குச் செய்யப்பெற்றன. அதே தரத்துக்கு மாற்றப்பெற்ற பழைய சோதனை வண்டி ஒன்று உண்டு. அதன் பதிவெண் என்.ஓ.ஜே. 393. 1953-இல் கட்டப்பெற்றது. 1955 ஜூன் 11-ஆம் நாள் பிரான்சில் நடந்த லெ மான்ஸ் பந்தயத்தில் லான்ஸ் மாக்லின் அதை ஓட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் விரைந்து வந்த மெர்சிடிஸ் வண்டி அதன்மேல் ஏறிப் பறந்தது. அவ்வண்டியை ஓட்டிய பியேர் லெவே என்பவரும் பார்வையாளர் எண்பதுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். மோட்டார் பந்தய வரலாற்றிலேயே மிகக் கொடிய விபத்து அது. ஹீலி வண்டியைப் பிரெஞ்சு அதிகாரிகள் நெடுநாள் பிடித்துவைத்திருந்தனர். பழுது பார்க்கப்பட்டு, கைமாறி, புதுப்பிக்கப்படாமலே கிடந்த அது 2011 டிசம்பரில் ஏலத்துக்கு வந்தபோது 843,000 பவுண்டுக்குப் போயிற்று. அதை 1953-இல் பிறந்த நிலைக்குத் திருப்பியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? அந்த நாளின் சாட்சி அழிந்திருக்கும். பின்னர்ச் சேர்ந்ததும் வரலாறே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இதுபற்றி நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 1929-ஆம் ஆண்டிலும் 1930-ஆம் ஆண்டிலும் லெ மான்ஸ் பந்தயத்தில் வென்ற பென்ட்லி வண்டி ஒன்றைப் 'பழைய முதலெண்' என்னும் பொருளில் ஆங்கிலேயர் செல்லமாக அழைப்பர். 1932-இல் புரூக்லண்ட்ஸ் களத்தில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்தார். பின்னர் உருமாறிச் சாலை வண்டியாயிற்று. அதன் பின்னும் பலமுறை மாற்றங்கள். அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், அதில் பழைய உறுப்புகள் இல்லை என்று கூறிப் பின்வாங்கியது. 1990-இல் வழக்கு இலண்டன் உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆட்டன் உறுப்புறுப்பாக ஆராய்ந்தார். 1929-இல் வென்ற வண்டியின் பாகங்கள் ஏறக்குறைய ஒன்றுமே எஞ்சவில்லை. ஆகவே அந்தப் பொருளில் அதை மூலவண்டி எனக்கூடாது. ஆயினும் மாற்றங்கள் ஒவ்வொன்றாக, ஒரே வண்டியின் தொடர்ந்த வாழ்வில், வெளிப்படையாக நடந்தவை. இடையில் வேறெந்த வண்டியும் அந்தப் பெயருக்கு உரிமை கோரியதில்லை. ஆகவே மெய்யான 'பழைய முதலெண்' அதுவே என்பது அவர் முடிவு. வாங்கியவர் தோற்றார். மூலம் என்பது ஒன்று, மெய்ம்மை என்பது வேறொன்று என்று இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக்காட்டிய உரையை நான் இலக்கணத்தில்தான் கண்டிருக்கிறேன்.

பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2012-இல் துரின் சாசனம் என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டது. பழைய கட்டடங்களுக்கென 1964-இல் வெனிஸ் நகரில் வகுத்த சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டது அது. பெரும்பாலும் பொதுவான அறிவுரைகள்; விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு கூறு மட்டும் எனக்கு மிகவும் பிடித்தது. புதிய உறுப்பை வைக்க நேர்ந்தால், அது புதிது என்று பின்னால் வருவோர் அறியத்தக்க நிலையான அடையாளம் ஒன்றை அதில் இடவேண்டும் என்கிறது. என் மாணாக்கர் வேலை பார்க்கும் பட்டறையில் புதிய தகடு ஒவ்வொன்றின் உட்புறத்திலும் ஆண்டைப் பொறிக்கிறார்களாம்.

கதவு அட்டையின் கதையை முடித்துவிடுகிறேன். எண் அழிந்த மறுநாள், உடன் வேலை செய்பவர் ஒருவர் அதே நீல நிறத்தில் மெழுகுக் கோல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாராம். எண் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். மறுபக்கத்து அட்டையிலேயே இருக்கிறது. பார்த்து எழுதிவிட்டால் எவருக்கும் தெரியப்போவதில்லை. இவர் கோலைக் கையில் வாங்கி, நெடுநேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு ஒரு சிறு காகிதத்தில், இந்த இடத்தில் இன்ன எண் இருந்ததென்றும், தாம் அறியாமல் இன்ன நாளில் துடைத்துவிட்டதாகவும் எழுதிக் கையொப்பமிட்டு, அட்டையின் பின்னால் ஒட்டிப் பழையபடி கதவில் பூட்டினார். வண்டிக்காரரிடமும் சொல்லிவிட்டார்களாம். வண்டி இப்பொழுது எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது; காகிதம் கதவுக்குள் இருக்கிறது.